மீன் தொட்டிக்கு மரக்கறி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் மீன் வளர்ப்போரின் கடிதங்களே அதிகம். வீட்டு மீன் தொட்டிக்குள் பச்சை மரக்கறியும் கீரையும் போடலாமா, போட்டால் எப்படிப் போடுவது என்பதையே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதியை அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தொட்டியில் நான்கு தங்கமீன்களும் சில கப்பிகளும் இருக்கின்றன. இதுவரை கடையில் வாங்கும் குறுணைத் தீனை மட்டுமே கொடுத்து வந்தோம். மீனுக்குக் கீரையும் கொடுக்க வேண்டும் என்று மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொல்கிறாள். “மீன் புழுவைத் தின்னும், கீரையைத் தின்னுமா?” என்று அவளுடைய அப்பா சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், கோண்டாவில்

பதில்: உங்கள் தொட்டியைப் பொறுத்தவரையில் மகள் சொல்வதே சரி. அப்பா சொல்வது வேறு மீன்களுக்குப் பொருந்தும்.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை என்று தனியான ஓர் உறுப்பு இல்லை. விழுங்கியது நேராகக் குடலுக்குள் போகிறது. வாயிலும் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கும் பற்களாலேயே அரைத்து விழுங்குகின்றன. குளத்தில் வாழ்ந்தால் பாசி, நீர்ச்செடியின் இளந்தளிர், புழு, பூச்சி எல்லாவற்றையும் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே திரியும். அப்படிப்பட்ட மீனுக்கு உலர்ந்த குறுணையை மட்டும் நாளுக்கு இரண்டு தடவை கொட்டினால் உயிர் வாழும்; ஆனால் நார்ச்சத்துக் குறைவதால் மலச்சிக்கல் வரும், வயிறு உப்பும், கொறிப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் தொட்டியிலுள்ள செடிகளையெல்லாம் பிடுங்கிப் போடும். கப்பியும் பச்சை உணவு, புழு பூச்சி இரண்டையும் தின்னும். கிணறுகளில் நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்கென்று விடப்படுவதும் இதே கப்பிதான்; குடம்பி கிடைக்காத நேரத்தில் அது பாசியைக் கொறித்துக்கொண்டிருக்கும். மொலி மீனுக்குக் கப்பியைவிடவும் பச்சை உணவு வேண்டும். சில்வர் டொலர், இராட்சத குராமி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஆகியவையும் மரக்கறிக்காரர்களே.

மறுபுறத்தில் ஒஸ்கார், அரவானா, ஃபைட்டர் ஆகியவை ஊன் உண்ணிகள். இவற்றின் குடல் குட்டையானது. இலையைச் செரிக்கும் வசதி அதில் இல்லை. ஃபைட்டர் வளர்க்கும் பிள்ளைகள் அதற்குக் கீரை போட்டு, தின்னவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கெக்கரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தண்ணீர். அதை எவ்வளவு தின்றாலும் மீன் வளர்வதற்கு வேண்டிய புரதம் அதிலிருந்து கிடைக்காது. எனவே குறுணைத் தீன்தான் சோறு, மரக்கறி கறி. தங்கமீனுக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று நாட்கள் கொடுத்தால் போதும்.

கேள்வி: மீன் வளர்ப்புப் புத்தகங்களில் சுக்கினி, ஸ்பினாச் என்று எழுதியிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சந்தையில் வாங்கக்கூடிய மரக்கறிகளில் எவை மீனுக்கு ஏற்றவை, எவை ஆகாதவை?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: சுக்கினியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த இடத்தை நம்முடைய பீர்க்கங்காய் நன்றாகவே நிரப்பும். முற்றாத பிஞ்சாக இருக்க வேண்டும், முற்றினால் உள்ளே நார்ப்பின்னல்தான் மிஞ்சும். பிஞ்சுச் சுரைக்காயும் புடலங்காயும் அப்படியே. கசக்கும் சுரைக்காயை மனிதரும் தின்னக் கூடாது, மீனுக்கும் போடக் கூடாது. வெட்டும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கெக்கரிக்காயைத் தோல் சீவி, விதையை வழித்தெடுத்துவிட்டுக் கொடுக்கலாம். மஞ்சள் பூசணியைச் சக்கர் மீன்கள் விரும்பித் தின்னும், ஆனால் மற்றவற்றைவிட விரைவில் கரைந்து நீரைக் கலக்கிவிடும் என்பதால் சிறு துண்டே போதும்.

கீரைகளில் முதலிடம் கங்குனுக்கு. இலை மெல்லியது, கசப்பில்லை. குராமி வளர்ப்பவர்கள் கட்டுக்கட்டாகப் போடுவதும் இதைத்தான். பசளியும் நல்லது, எனினும் அதிலுள்ள ஒட்சலிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நாள்தோறும் அதையே கொடுக்காமல் மற்றவற்றுடன் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சலாது இலையின் வெளிப்புறப் பச்சை இதழ்கள் பரவாயில்லை. உள்ளே இருக்கும் வெளிறிய இதழ்களில் சத்து அதிகமில்லை. போஞ்சியை நன்றாக அவித்து, விதையை நீக்கிவிட்டுப் பொடியாக அரிந்து கொடுக்கலாம். பச்சைப் பட்டாணியைப் பற்றி வேறொரு வாசகர் கேட்டிருப்பதால் அது கீழே வருகிறது.

ஆகாதவை என்று பார்த்தால் வெங்காயம், மிளகாய், பாகற்காய், எலுமிச்சை இன மரங்களின் காய் கனிகள் ஆகியவை முதலில் வரும். உருளைக்கிழங்கை அவித்துப் போட்டால் சக்கர் மீன் தின்னும். ஆனால் மாப்பொருள் கரைந்து தொட்டி முழுவதும் வெண்மையாகிவிடும், அதனால் நான் பரிந்துரைப்பதில்லை. மரவள்ளியின் இலையையும் கிழங்கையும் தொட்டியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பச்சையாக இருக்கும்போது அவற்றிலிருந்து சயனைட்டு வெளிப்படும்.

எந்தக் காய் என்பதைவிட அது எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செம்மண் தோட்டங்களில் மரக்கறிக்கு மருந்து அடிக்காத நாட்கள் குறைவு. பூச்சிமருந்துகளில் பைரெத்ரொயிட் என்ற வகை மனிதருக்குச் செய்யும் கெடுதியைவிட மீனுக்குச் செய்யும் கெடுதி பன்மடங்கு பெரிது. மீனின் உடலால் அதை விரைவாகச் சிதைத்து வெளியேற்ற முடிவதில்லை. நமக்கு ஒன்றும் செய்யாத அளவே ஒரு சிறு தொட்டி மீன்களைக் கொன்றுவிடும். வேப்பெண்ணெய் இயற்கையானது, எனவே தீங்கில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் மீனுக்கு ஒவ்வாததே. ஆகவே முற்றத்திலோ பூச்சட்டியிலோ நீங்களே நட்ட நாலு கங்குன் தண்டு, சந்தையில் வாங்கும் ஒரு கட்டைவிட நம்பிக்கையானது. கங்குன் தண்டை ஈரமண்ணில் குத்திவிட்டாலே வேர் பிடிக்கும். சந்தையில் வாங்குவதானால் தோல் சீவக்கூடிய காய்களையே தெரிவு செய்து, ஓடும் நீரில் கழுவிய பிறகு தோலைச் சீவுங்கள்.

கேள்வி: கெக்கரிக்காய்த் துண்டைப் போட்டேன், மேலே மிதந்துகொண்டே இருந்தது, மீன்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அவித்துத்தான் போட வேண்டுமா?
– வாசகர் ஒருவர், மானிப்பாய்

பதில்: அவிப்பது என்று சொல்வதைவிட வாட்டி எடுப்பது என்று சொல்லலாம். பச்சைக் காயின் உயிரணுக்களைச் சுற்றி உறுதியான சுவர் இருக்கிறது. தங்கமீனின் மெல்லிய உதடுகளால் அதைக் கிழிக்க முடியாது. சூடு அந்தச் சுவரைத் தளர்த்துவதோடு திசுக்களுக்கிடையே உள்ள காற்றையும் வெளியேற்றுகிறது. அதனால்தான் வாட்டிய துண்டு அமிழ்கிறது.

பீர்க்கங்காயை எடுத்துக்கொள்வோம். வரம்புகளையும் தோலையும் சீவிவிட்டு, சிறுவிரல் தடிப்புக்கு வில்லைகளாக அரிந்து, கொதிக்கும் வெறும் நீரில் போட்டால் முதலில் எல்லாம் மேலே மிதக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் வெண்ணிறச் சதை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஒளி ஊடுருவும் பச்சையாக மாறிக்கொண்டு வரும். வில்லைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து கீழே போகும். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் பிடித்துத் தூக்கும்போது உடையக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு ஆறவிட வேண்டும். கங்குன், பசளி இலைகளுக்கு ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் கொதித்தால் விற்றமின் சி நீரோடு போய்விடும். பெரும்பாலான மீன்கள் அந்த விற்றமினைத் தம் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதவை என்பதால் அதை வீணாக்காமல் இருப்பது நல்லது.

உப்புப் போடக் கூடாது, மஞ்சள் கூடாது. கறிச்சட்டியிலேயே அவிப்பவர்களும் இருக்கிறார்கள். கழுவிய சட்டியின் ஓரத்திலும் எண்ணெய்ப் பசையும் தூள் மணமும் நிற்கும். தேநீருக்குத் தண்ணீர் சுட வைக்கும் பாத்திரமே இதற்கு உகந்தது.

வாட்டியும் மிதந்தால் துருப்பிடிக்காத உருக்கு முள்ளுக்கரண்டியில் வில்லையைக் குத்தி அடியில் வைத்துவிடுங்கள். எடுக்கும்போதும் கரண்டியோடு எடுத்துவிடலாம். செப்புக் கம்பியோ பித்தளைக் கரண்டியோ வேண்டாம். செம்பு மிகச் சிறிய அளவில் கரைந்தாலும் தொட்டியிலுள்ள நத்தைகளுக்கும் இறால்களுக்கும் ஆபத்து. முதல் நாளிலேயே மீன்கள் பாய்ந்து வந்து தின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறுணைக்குப் பழகிய மீன் காயை உணவென்று அறிந்துகொள்ளச் சில தடவைகள் ஆகலாம். காலைத் தீனைத் தவிர்த்துவிட்டு, பசியோடு இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மாலையில் ஒரு பூசணித் துண்டை அவித்துத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். இரவில் மின்சாரமும் சிறிது நேரம் இல்லை. காலையில் நீர் பாற்கலவையாக இருந்தது. தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன, ஒன்று இறந்துவிட்டது. பூசணி மீனுக்கு நஞ்சா?
– வாசகர் ஒருவர், உரும்பிராய்

பதில்: பூசணி நஞ்சல்ல. தின்னாமல் எஞ்சிய பூசணி இரவு முழுவதும் நீரில் கிடந்ததுதான் கேடு. நம் ஊரில் மரக்கறி கொடுப்பவர்கள் எல்லாவற்றையும்விட முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அவித்த காயிலிருந்து சர்க்கரையும் மாப்பொருளும் நீரில் கசிகின்றன. அவற்றை உண்டு பற்றீரியாக்கள் சில மணித்தியாலங்களில் பெருகுகின்றன. நீங்கள் கண்ட பாற்கலவை நிறம் அவற்றின் கூட்டமே. அவையும் ஒட்சிசனைச் சுவாசிக்கின்றன. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் “இரவு முழுவதும் விட்டு வைக்கலாம்” என்று எழுதியிருப்பதை நம் வீட்டுத் தொட்டியில் செய்து பார்த்தால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஒட்சிசனையும் பற்றீரியாக்கள் எடுத்துக்கொண்டுவிடும். அந்த நேரத்தில் எயார் பம்பும் நின்றுவிட்டால் மீனுக்கு மேற்பரப்பைத் தவிர வேறு போக்கிடமில்லை.

இரண்டாவது காரணம் நம் கிணற்று நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தங்கியிருப்பது; கடினமானது, காரத்தன்மையின் பக்கம் சாய்ந்தது. அழுகும் பொருளிலிருந்து வரும் அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும், அவற்றுள் ஒன்றே மீனின் பூவை (செவுளை) கருக்கும் கொடிய வடிவம். 30 பாகை வெப்பத்தில், பி.எச். (நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 7 ஆக இருக்கும் நீரில், மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட அந்த வடிவத்தில் இருப்பதில்லை. அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு அப்படி ஆகிவிடுகிறது. அதாவது ஒரே அளவு அழுகல், மென்னீரில் செய்வதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தீங்கை நம் நீரில் செய்யும்.

இப்போது செய்ய வேண்டியவை: எஞ்சிய துண்டையும் அடியில் கிடக்கும் துகள்களையும் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தொட்டி நீரில் அரைவாசியை அதே வெப்பநிலையில் உள்ள நல்ல நீரால் மாற்றுங்கள். குழாய் நீரானால் குளோரின் போவதற்கு ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்த நீராகவோ குளோரின் நீக்கும் மருந்து இட்ட நீராகவோ இருக்க வேண்டும். எயார் பம்பை நிறுத்தாதீர்கள். இரண்டு நாட்களுக்குத் தீன் வேண்டாம். வடிகட்டியின் பஞ்சை இந்தச் சமயத்தில் குழாயில் பிடித்துக் கழுவிவிடாதீர்கள். அமோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பற்றீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன.

இனிமேல் தங்கமீனுக்கு மரக்கறி கொடுப்பதானால் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது கொடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தொட்டியில் ஒரு துண்டும் இருக்கக் கூடாது. நான்கு மீன்களுக்கு ஒரு வில்லையில் அரைவாசியே தாராளம்.

உரும்பிராயில் தோட்டங்களை அண்டி வசிப்பவராக இருந்தால் இன்னொன்று. உரமிட்டுப் பயிர்செய்யும் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்ட விடயம். தொட்டியில் அமோனியா இறுதியாக மாறுவதும் நைத்திரேற்றாகத்தான். அதைக் குறைக்கவே நாம் நீர் மாற்றுகிறோம். மாற்றும் நீரிலேயே அது நிறைந்திருந்தால் எத்தனை வாளி மாற்றினாலும் குறையாது. மணிபிளாண்ட் கொடியின் வேர் நீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி தொட்டியின் விளிம்பில் வைத்தால், அது நைத்திரேற்றை உறிஞ்சி வளரும். மாரியில் கூரையிலிருந்து முதல் மழை கழுவிப்போன பின்னர் பிடிக்கும் நீரைச் சிறிது சிறிதாகக் கலந்துவருவதும் பயன் தரும்.

கேள்வி: எங்கள் உருண்டை வயிற்றுத் தங்கமீன் தீன் தின்றதும் தலைகீழாக மிதக்கிறது. பட்டாணி கொடுத்தால் சரியாகும் என்கிறார்கள்.
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: சில வேளைகளில் சரியாகும். உருண்டை வயிற்று இனங்களில் குடலும் காற்றுப்பையும் நெருக்குண்டு கிடக்கின்றன. உலர்ந்த குறுணை உள்ளே போய் ஊதினாலோ மலம் கட்டினாலோ காற்றுப்பை நசுங்கி மீன் சமநிலை இழக்கும். இரண்டு மூன்று நாட்கள் பட்டினி போட்டு, பிறகு உறைய வைத்த பச்சைப் பட்டாணியில் ஒன்றை ஒரு நிமிடம் கொதிநீரில் வைத்துத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் பருப்பை நசித்துக் கொடுங்கள். கடையில் விற்கும் காய்ந்த பட்டாணி இதற்கு உதவாது. அதன்பின் குறுணையை நீரில் ஊறவைத்து, அமிழக்கூடியதாகக் கொடுத்து வாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு மிதந்தால் காரணம் மலச்சிக்கல் அல்ல. தொற்றாகவோ காற்றுப்பையின் பிறவிக் குறையாகவோ இருக்கலாம், அதற்குப் பட்டாணி மருந்தாகாது.

கேள்வி: கரட் கொடுத்தால் தங்கமீனின் சிவப்புக் கூடுமா?
– மாணவர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: கரட்டின் நிறப்பொருளைத் தங்கமீன் தன் நிறமாக மாற்றிக்கொள்வது சொற்பமே. மஞ்சள் சோளத்திலும் பாசியிலும் உள்ள சியாசாந்தின் என்ற நிறப்பொருளைத்தான் அது சிவப்பாக மாற்ற வல்லது. கரட்டை அவித்துத் துருவிக் கொடுப்பதில் தவறில்லை. நிறத்துக்காகக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சக்கர் மீன் மற்ற மீன்களின் கழிவைத் தின்றே வாழும், தனியாகத் தீன் வேண்டாம் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். இப்போது அதன் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது.
– வாசகர் ஒருவர், நெல்லியடி

பதில்: எந்த மீனும் கழிவைத் தின்று வாழ்வதில்லை. சக்கர் மீன் கண்ணாடியிலும் கல்லிலும் படியும் பாசியைச் சுரண்டித் தின்கிறது. சுத்தமான புதுத் தொட்டியில் அந்தப் பாசி ஒரு கிழமைக்குக்கூடக் காணாது. வயிறு உட்குழிந்திருப்பது பட்டினியின் அடையாளம். அது இரவில் இரை தேடும் மீன் என்பதால், விளக்கை அணைத்த பிறகு வாட்டிய பீர்க்கங்காய் வில்லையையோ கெக்கரித் துண்டையோ வைத்து, விடிந்தவுடன் எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன இரண்டு மணித்தியாலக் கணக்குக்கு இது மட்டுமே விலக்கு. எயார் பம்ப் ஓடுவதும் துண்டு சிறிதாக இருப்பதும் இங்கே கட்டாயம். கிழமைக்கு நான்கைந்து இரவுகள் கொடுக்கலாம், இடையில் அமிழும் வில்லைத் தீனும் வேண்டும்.

கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் இந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும். தொட்டி போதாதபோது குளத்திலோ கேணியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த இனம் இலங்கை நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே பெருகிவிட்டது. முள்ளும் தகடுமான அதன் உடல் வலைகளைக் கிழிக்கிறது, அதை உண்பாரும் இல்லை.

கேள்வி: ஒரு கிழமைக்குக் கொழும்புக்குப் போகிறோம். முழுக் கெக்கரிக்காய் ஒன்றைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகலாமா?
– வாசகி ஒருவர், நல்லூர்

பதில்: வேண்டாம். உரும்பிராய் வாசகருக்கு ஓர் இரவில் நேர்ந்தது உங்களுக்கு ஏழு நாட்களில் நேரும். வளர்ந்த, நோயற்ற தங்கமீன் ஒரு கிழமை தீனின்றி இருக்கும். குஞ்சுகளுக்குத்தான் அது ஆகாது. குஞ்சுகள் இருந்தால் அயல்வீட்டாரிடம் ஒவ்வொரு நாளுக்கும் உரிய குறுணையைத் தனித்தனிக் கடதாசிச் சரையில் மடித்துக் கொடுத்து, தீன் டப்பாவை உங்களோடு எடுத்துச் சென்றுவிடுங்கள். டப்பாவை விட்டுப்போனால் இரக்கப்பட்டு அள்ளிக் கொட்டிவிடுவார்கள். மரக்கறியைத் திரும்பி வந்து, நீரைக் கால்வாசி மாற்றியதற்கு அடுத்த நாளிலிருந்து கொடுக்கலாம்.